மேயருக்கு அங்கி இருக்கு, அதிகாரம் இருக்கா?



சூவனீர் என்றால் காதல் கவிதை, ராகிங் ஜோக், 'நண்பனே உன்னை மறவேன்' என்ற வகையில் பத்துப் பக்கம் வரும். அதெல்லாம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நாம் தினமும் நடக்கிற ரோட்டைப் பற்றியும், தாண்டிக் குதிக்கிற சாக்கடையைப் பற்றியும், மாதக்கணக்கில் எரியாத தெருவிளக்கைப் பற்றியும் ஒரு பக்கமாவது வர வேண்டாமா? அதனால்தான் சென்னை மேயர் என்ற பதவியை எடுத்துக்கொண்டேன்.

கேன்டீனில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இந்திய கிரிக்கெட் டீமின் பதினொரு பெயரையும் மூச்சு விடாமல் சொல்வார்கள். "உங்க வார்டு நம்பர் என்னப்பா? கவுன்சிலர் யாரு?" என்றால் முழிப்பார்கள். "மேயர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: "சிவப்பு அங்கி போட்டுக்குவார், கழுத்துல தங்கச் சங்கிலி, முன்னாடி ஒருத்தர் செங்கோல் தூக்கிட்டுப் போவார்." சிரிப்பாக இருந்தாலும் இந்தப் பதிலில் ஓர் உண்மை இருக்கிறது. அங்கி கண்ணுக்குத் தெரிகிறது, அதிகாரம்தான் தெரியவில்லை. அது எங்கே போயிற்று என்று தேடினால், 300 வருடத்துக்கும் மேலான ஒரு கதை கிடைக்கிறது.

சாசனத்தில் பிறந்த மேயர்

இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி நம்முடையது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் 1687 டிசம்பர் 30-ல் தந்த அதிகாரத்தைக் கொண்டு, 1688 செப்டம்பர் 29-ல் சென்னைப்பட்டணத்துக்கு ஒரு மாநகராட்சி உண்டானது. ஒரு மேயர், 12 ஆல்டர்மென்கள், 60 பர்ஜஸ்கள் என்று அமைப்பு. ஆங்கிலேயர்கள் மட்டுமல்ல, போர்த்துக்கீசியர், யூதர், இந்து வணிகர் எல்லோருக்கும் ஆல்டர்மென் பட்டியலில் இடம் தந்தார்கள்.

கம்பெனிக்கு ஜனநாயகத்தின் மேல் திடீர்க் காதல் வந்துவிட்டதா? இல்லீங்க. விஷயம் வரி. கோட்டையைக் கட்டிக் காக்கச் செலவாகிறது. வீட்டு வரி போட்டால் ஊர்ஜனம் எதிர்க்கிறது. லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு ஒரு கணக்குப் போட்டார்: கோட்டைக்காரன் கேட்டால் தராதவன், தன் ஊர்ப் பெரிய மனிதர்களே உட்கார்ந்து தீர்மானம் போட்டுக் கேட்டால் தந்துவிடுவான் என்று. டவுன் ஹால், சிறை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த வரியிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆனால் மேயர் வந்த பிறகும் ஜனங்கள் வரியைச் சுலபமாகத் தந்துவிடவில்லை.

முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அமெரிக்காவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, கம்பெனி வேலைக்கு வந்தவர். ஆறே மாதத்தில் மேயர் பதவியை விட்டு விலகினார். பிற்பாடு சென்னையின் கவர்னராகவே ஆனார் என்பது வேறு விஷயம்.

மேயருக்கு நீதிபதி வேலையும் இருந்தது. 'மேயர் கோர்ட்' என்றே ஒரு நீதிமன்றம் நடந்தது. 1726-ல் வந்த புதிய சாசனம் அதை மாற்றி அமைத்தது. 1798-ல் ரிகார்டர் கோர்ட் வந்ததும் அதுவும் முடிந்தது. அப்புறம் ஊரைப் பெருக்குவதும் விளக்கேற்றுவதும் முதலில் ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ்களிடமும், பிறகு கமிஷனர்களிடமும் போனது. 1867-ல் நகரத்தை 8 பிரிவாக்கி, பிரிவுக்கு 4 பேராக 32 பேரை அரசே நியமித்தது. 1878-ல்தான் அதில் பாதிப் பேரை வரி கட்டுகிறவர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது.

இங்கே ரிப்பன் பிரபுவைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். உள்ளூர் மக்கள் உள்ளூர் நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று 1882-ல் தீர்மானம் கொண்டுவந்த வைஸ்ராய் அவர். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் கட்டடத்துக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான். 1909-ல் அடிக்கல், 1913-ல் திறப்பு, ஏழரை லட்சம் ரூபாய்ச் செலவு, கட்டியவர் லோகநாத முதலியார். சிவில் மாணவர்கள் ஒருமுறையாவது போய் நின்று பார்க்க வேண்டிய கட்டடம். அதன் மணிக்கூண்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், உள்ளே ஒரு மன்றக் கூடம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு முக்கியம் அந்தக் கூடம்தான்.

அந்தக் கூடத்தால் என்ன முடிந்தது?

1919-ல் புதிய சட்டம் வந்தது. மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பான்மை வந்தது. தலைவரை மன்றமே தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் பிட்டி தியாகராயர். இன்றைக்கு நாம் துணி எடுக்கப் போகிற தி.நகரில் இருக்கும் 'தி' அவர்தான்!

அவர் காலத்தில், 1920-ல், ஆயிரம் விளக்கு பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. சாப்பாடு இல்லாததால் ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை என்பதைக் கண்டுபிடிக்க டெல்லிக்கோ லண்டனுக்கோ போக வேண்டியிருக்கவில்லை. அந்தப் பகுதியைத் தெரிந்தவர்கள் மன்றத்தில் இருந்தார்கள், அது போதுமானதாக இருந்தது. பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் வந்த மதிய உணவுக்கு முன்னோடி ஒரு மாநகராட்சித் தீர்மானம் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1933-ல் 'தலைவர்' என்ற பெயர் போய் 'மேயர்' என்ற பழைய பெயர் திரும்ப வந்தது. ராஜா முத்தையா செட்டியார் மேயரானார். 1937-ல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயரானார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் மனிதர். 1956-ல் தாரா செரியன், முதல் பெண் மேயர்.

நடுவில் 1939-ல் வந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. சென்னையின் தாகத்துக்கு ஒரே ஏரியை நம்பியிருக்க முடியாது, கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1940-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944-ல் அணை திறக்கப்பட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை, 1943-லேயே மறைந்துவிட்டார். இன்றும் சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயரில் அது சென்னைக்குத் தண்ணீர் தருகிறது. ஒரே வருடம் இருக்கும் பதவி. அதற்குள் ஒரு நகரத்துக்குத் தலைமுறைக் கணக்கில் தண்ணீர் தேடித் தந்தார். மேயர் பதவி வெறும் அலங்காரம்தான் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இருபத்து மூன்று வருட இருட்டு

அப்படிப்பட்ட மன்றத்துக்கு 1973 டிசம்பரில் பூட்டுப் போட்டார்கள். காரணம் மஸ்டர் ரோல் ஊழல் குற்றச்சாட்டு. நம் சிவில் பசங்களுக்கு மஸ்டர் ரோல் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: தினக்கூலி ஆட்களின் பெயரையும் வேலை செய்த நாளையும் எழுதிக் கூலி கொடுக்கும் பதிவேடு. அதில் வேலைக்கு வராத ஆளின் பெயரை எழுதினால் கூலி வேறு யாரோ பாக்கெட்டுக்குப் போகும்.

தப்பு நடந்திருந்தால் தண்டனை வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் யாருக்குத் தண்டனை கிடைத்தது, யோசித்துப் பாருங்கள். 1973-க்குப் பிறகு மன்றத்துக்குத் தேர்தல் நடந்தது 1996-ல். இடையில் 23 வருடம் அதிகாரிகள்தான் நகரத்தை நடத்தினார்கள். 1974-ல் 21 வயது நிரம்பி ஓட்டுரிமை பெற்ற ஒரு சென்னைவாசி, தன் வார்டு கவுன்சிலருக்கு முதல் ஓட்டுப் போட்டபோது அவருக்கு வயது 43! பையனைக் காலேஜில் சேர்த்திருப்பார். பொய்க் கையெழுத்துப் போட்டவன் எவனோ, ஓட்டை இழந்தது முழு ஊர். ஹாஸ்டலில் ஒரு ஃபேனை யாரோ உடைத்தால், 23 வருடத்துக்கு ஹாஸ்டலையே பூட்டுவார்களா?

அந்த இடைவெளியில் இன்னொன்றும் நடந்தது. 1978 சட்டத்தின்படி குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் என்ற தனி வாரியத்துக்குப் போயின. நகரத் திட்டம் சி.எம்.டி.ஏ.வுக்குப் போனது. குடிசைப் பகுதிகளுக்கு அதற்கு முன்பே தனி வாரியம் வந்துவிட்டது. பஸ் மாநில அரசின் கையில். இவை நல்ல வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை, நிபுணர்கள் தேவைதான். ஆனால் இவற்றில் ஒன்றுக்கும் மேயர் பொறுப்பில்லை. பூண்டிக்காகப் போராடிய நாற்காலியில் இன்று யார் உட்கார்ந்தாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் இன்னொரு அலுவலகத்துக்குத்தான் போன் போட வேண்டும்.

ஆட்டம் ஒன்று, விதி பல

1992-ல் நாடாளுமன்றம் 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஜூனில் அமலுக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம். மன்றத்தைக் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குக் குறையக்கூடாது. உள்ளாட்சிக்குத் தரத்தக்க 18 பொறுப்புகளின் பட்டியலும் போட்டார்கள். இனிமேல் நிம்மதி என்று நினைத்தோம்.

1996-ல் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், மு.க. ஸ்டாலின் வென்றார். 2001-லும் நேரடித் தேர்தல், அவரே மீண்டும் வென்றார். 2002-ல், எம்.எல்.ஏ.வாக இருப்பவர் மேயராகவும் இருக்கக்கூடாது என்று சட்டத் திருத்தம் வந்ததில் பதவி போனது. 2006-ல் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை, மா. சுப்பிரமணியன் வந்தார். 2011-ல் மறுபடி நேரடி. சைதை துரைசாமி வந்தார். அந்த வருடம்தான் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. அதன் பிறகு மறுபடியும் மறைமுக முறை. நடுவில் மீண்டும் நேரடி என்றார்கள். 2019-ல் அதையும் மாற்றினார்கள். எந்தக் கட்சியையும் தனியாகக் குறை சொல்லவில்லை. இதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு செமஸ்டருக்கும் பாஸ் மார்க்கை மாற்றினால் நாம் சும்மா இருப்போமா?

இதைவிடப் பெரிய கொடுமை 2016. தேர்தல் அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டு விதிகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. சரி, விதியைச் சரிசெய்து சில மாதத்தில் நடத்தியிருக்கலாம் அல்லவா? அடுத்த மன்றம் பதவியேற்றது 2022 மார்ச்சில். ஐந்து வருடத்துக்கும் மேல் மறுபடி தனி அதிகாரி. அந்த இடைவெளியில் என்னென்ன வந்தது பாருங்கள்: 2016 டிசம்பரில் வர்தா புயல், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர், 2020-ல் கொரோனா. நகரத்தின் மிக மோசமான நாட்களில், தெருவுக்கென்று கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது! அதிகாரிகள் உழைக்கவில்லை என்றா சொல்கிறேன்? உழைத்தார்கள். ஆனால் அதிகாரிக்கு நம் தெரு மக்கள் ஓட்டுப் போடவில்லை. "அடுத்த தடவை வாங்க, பார்த்துக்கறோம்" என்று அவரிடம் நாம் சொல்ல முடியாது.

2022-ல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆர். பிரியா. அப்போது அவருக்கு 28 வயது. சென்னையின் மூன்றாவது பெண் மேயர், தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் பெண் மேயர். நம் சீனியர்களில் பலருக்கும் அதே வயதுதான்.

சரி, மேயரால் என்னதான் முடியும்?

நம் யூனியன் சேர்மனை நினைத்துக்கொள்ளுங்கள், சுலபமாகப் புரியும். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார், தீர்மானம் போடுகிறார், விழா மேடையில் நடுவில் உட்காருகிறார். ஆனால் பணம் பிரின்சிபால் கையெழுத்தில்தான் வெளியே வரும். ஸ்போர்ட்ஸ் மெட்டீரியல் வரவில்லை என்றால் திட்டு வாங்குவது சேர்மன், கையெழுத்துப் போட வேண்டியது வேறொருவர்!

மாநகராட்சியிலும் ஏறத்தாழ இதே கதை. மன்றத்துக்குத் தலைமை மேயர். நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மன்றம் பட்ஜெட்டைப் பாஸ் செய்யலாம், கேள்வி கேட்கலாம். செயல்படுத்தும் கை வேறு.

வேறு வழியே கிடையாதா? கல்கத்தாவைப் பாருங்கள். 1924-ல் சித்தரஞ்சன் தாஸ் அங்கே மேயர். 1930-ல் சுபாஷ் சந்திர போஸ் மேயர். 1980-ல் சட்டம் இயற்றி, 1984 முதல் அங்கே 'மேயர் இன் கவுன்சில்' முறை நடக்கிறது. மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் சில கவுன்சிலர்களும் ஒரு சின்ன மந்திரிசபை மாதிரி. ஒருவருக்குச் சாலை, ஒருவருக்குக் குப்பை என்று பொறுப்பு. கமிஷனர் அவர்களுக்குக் கீழே. லண்டனில் 2000-லிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயர், பஸ்ஸையும் சுரங்க ரயிலையும் நடத்தும் அமைப்புக்கே தலைமை வகிக்கிறார். நம்மை ஆண்டவன் தன் ஊரில் மேயருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டான். நாமோ அவன் கொடுத்த அங்கியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

"மேயருக்கு அதிகாரம் கொடுத்தால் ஊழல் பெருகும்" என்று சிலர் சொல்வார்கள். மஸ்டர் ரோலைச் சுட்டிக் காட்டுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அதிகாரம் எங்கே இருந்தாலும் ஊழல் வரலாம். கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் அது சத்தம் இல்லாமல் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். "நேரடித் தேர்தல் என்றால் மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை ஒரு கட்சி என்று இழுபறியாகும்" என்பார்கள் இன்னும் சிலர். அதுவும் உண்மை. என் கட்சி நேரடித் தேர்தல் என்றாலும் அதற்காகச் சண்டை போட மாட்டேன். எதுவாக இருந்தாலும் ஒரு முறையை முடிவு செய்து, இருபது வருடமாவது தொடாமல் வைத்திருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இதில் நமக்கென்ன?

நிறையவே இருக்கு நண்பா! நம்மில் பலர் டிப்ளமோ முடித்து எங்கே போகப் போகிறோம்? மாநகராட்சி, நகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், இல்லாவிட்டால் அவற்றுக்கு வேலை செய்யும் கான்ட்ராக்டரிடம்.

ஒரு மழை நாளைக் கற்பனை செய்யுங்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதில் கலந்து வரும் சாக்கடை மெட்ரோ வாட்டருடையது. பக்கத்துப் பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. தண்ணீர் போய்ச் சேர வேண்டிய கால்வாய் நீர்வளத் துறையுடையது. ஏரியில் வீடு கட்ட அனுமதித்தது யார் என்றால் இன்னொரு ஃபைல். லெவல் எடுக்கத் தெரிந்த முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரியும், வடிகாலின் அடிமட்டத்தைவிடக் கால்வாயின் தண்ணீர் மட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீர் பின்னுக்குத்தான் வரும் என்று. தண்ணீருக்கு டிபார்ட்மென்ட் தெரியாது. ஆனால் அந்த இரண்டு லெவலையும் ஒரே டிராயிங்கில் வைத்து, "இதை முதலில் சரி பண்ணுங்க" என்று உத்தரவிடும் அதிகாரத்தோடு, மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவரும் இல்லை.

அந்தத் தண்ணீரில் பேன்ட்டை மடித்துக்கொண்டு நின்று ஜனங்களிடம் திட்டு வாங்கப்போவது யார்? நாளைய ஜூனியர் இன்ஜினியர், அதாவது நாம்தான். அதிகாரமும் பொறுப்பும் ஒரே இடத்தில் இல்லாத அமைப்பில், கடைசிப் படியில் நிற்கிறவன் தலையில்தான் எல்லாம் விழும்.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், ஒரு நாள்கூடத் தள்ளாமல். இரண்டு, நகரத்துக்குள் வேலை செய்யும் எல்லா வாரியங்களும் துறைகளும் மேயர் தலைமையில் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அங்கே எடுக்கும் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்த வேண்டும். மூன்று, கமிஷனர் மன்றத்துக்குப் பதில் சொல்கிறவராக இருக்க வேண்டும்.

நாம் செய்யவேண்டியதும் இருக்கு. 2022-ல் சென்னை வாக்காளர்களில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. லீவு விட்டார்கள், தூங்கினோம். ஓட்டுப் போடாதவர்களின் ஊருக்கு அதிகாரம் கொடு என்று கேட்டால் யார் மதிப்பார்கள்? 18 ஆனவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். 21 ஆனால் கவுன்சிலராகப் போட்டியிடவே தகுதி உண்டு. மன்றத்தில் ஒரு டிப்ளமோ சிவில் உட்கார்ந்து, "இந்த வடிகாலுக்கு எங்கே வாட்டம் கொடுத்திருக்கீங்க, காட்டுங்க?" என்று கேட்டால் எப்படி இருக்கும்!

நம் வார்டு நம்பரைத் தெரிந்துகொள்வதிலிருந்து ஆரம்பிப்போம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

— இறுதியாண்டு சிவில் மாணவன்